மலையும் கடலும் சேர்ந்த ஊரைப் படம் எடுக்க: விசாகப்பட்டினம் போகும் டெல்டாக்காரருக்கு

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். சம்பா அறுப்பு முடிந்ததும் பிப்ரவரி நடுவில் குடும்பத்தோடு நான்கு நாள் விசாகப்பட்டினம் போகிறார்களாம். மலையும் கடலும் ஒன்றாக இருக்கும் ஊரை அவர் பார்த்ததே இல்லை. என்னென்ன பார்க்கலாம், படம் நன்றாக வர என்ன செய்ய வேண்டும், கையில் இருக்கும் செல்போனும் பழைய கேமராவும் போதுமா, முழங்கால் வலி உள்ள அம்மாவை எங்கெல்லாம் கூட்டிப்போகலாம் என்று கேட்கிறார்.

தம்பி, நான் மயிலாடுதுறையில் இருபது வருடங்களுக்கு மேல் ஸ்டூடியோ நடத்துகிறேன். தங்கை வாழ்க்கைப்பட்ட ஊர் விசாகப்பட்டினம். அதனால் ஏழெட்டுத் தடவை போய் வந்திருக்கிறேன். முதல் தடவை போனபோது மாலை ஐந்து மணிக்குக் கடற்கரையில் போய் நின்றேன். காவிரிக் கரையிலும் வயல் வரப்பிலும் எடுத்துப் பழகியவனுக்கு மாலை வெளிச்சம் என்றால் ஆறு மணிக்கு மேலும் தரையைத் தொட்டுக்கொண்டு நிற்கும் மஞ்சள் வெளிச்சம்தான். அங்கே நான் பையிலிருந்து கேமராவை எடுப்பதற்குள் வெயில் மலைக்குப் பின்னால் போய்விட்டது. மணல், அலை, ஆட்கள் எல்லாம் ஒரே சாம்பல் நிறம். அன்றைக்கு எடுத்த நாற்பது படங்களில் ஒன்றுகூடத் தேறவில்லை.

அந்த ஊரில் கடல் கிழக்கே, மலை மேற்கே. கிழக்குத் தொடர்ச்சி மலையின் குன்றுகள் ஊருக்குள்ளேயே இறங்கிவந்து, சில இடங்களில் நேராகக் கடலில் கால் வைத்து நிற்கின்றன. அதனால் காலை வெயில் கடற்கரை முழுக்க விழும், மாலை வெயில் மலை உச்சிக்கு மட்டும்தான் மிஞ்சும். காலையில் கீழே இருங்கள், மாலையில் மேலே இருங்கள். உங்கள் நான்கு நாளையும் இந்த ஒரு கணக்கை வைத்தே போட்டுக்கொள்ளலாம்.

கடிகாரக் கணக்கும் கொஞ்சம் மாறும். நமக்கு வடகிழக்கே இருக்கும் ஊர் அது. பிப்ரவரி நடுவில் நாகப்பட்டினத்தில் ஏறக்குறைய ஆறரை மணிக்கு உதிக்கும் சூரியன் அங்கே ஐந்தாறு நிமிடம் முன்னதாக உதிக்கும். ஆனால் மறைவது நம் ஊரைவிட இருபது நிமிடம் முன்னால், ஆறு மணிக்கு முன்பே. அதிலும் மலை மறைப்பதால் கடற்கரையில் நாலரை, ஐந்துக்கே வெயில் போய்விடும். ஜூனில் போகிறவர்கள் ஐந்தரைக்கு முன்பே கடற்கரையில் நிற்க வேண்டும். அப்போது நம் ஊரைவிட இருபத்தைந்து நிமிடம் முன்னதாக விடிந்துவிடும்.

முதல் நாள் காலை ஆர்.கே. பீச் என்று எல்லோரும் சொல்லும் ராமகிருஷ்ணா கடற்கரை. ஆறு மணிக்கே போய்விடுங்கள். சூரியனை மட்டும் எடுத்துக்கொண்டு நிற்காதீர்கள். நமக்குத் தரங்கம்பாடியிலேயே கிடைக்கும் காட்சிதான் அது. சூரியன் எழுந்த அரை மணி நேரம் கழித்துத் தெற்கே திரும்பிப் பாருங்கள். கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு ஒரு பாறை மலை நிற்கும், அதுதான் டால்பின் நோஸ். உச்சியில் கலங்கரை விளக்கம் உண்டு. காலை வெயில் அதன் கடல் பக்கத்து முகத்தில் நேராக விழுவதால் பாறையின் மடிப்பெல்லாம் தெரியும். அதே மலையை மாலையில் எடுத்தால் கறுப்பு உருவமாகத்தான் வரும். ஈர மணலில் நின்று, போனைத் தாழ்த்திப் பிடித்து, மலையின் நிழல் தண்ணீரில் தெரியும்படி எடுங்கள். படத்தில் ஓர் ஆள் சிறியதாக இருக்கட்டும். உயரத்தைப் படத்தில் காட்ட மனித உருவம் மாதிரி ஓர் அளவுகோல் வேறில்லை. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தை எடுக்கும்போதும் கீழே ஓர் ஆள் நின்றால்தான் 216 அடி என்பது கண்ணுக்குப் புரிகிறது.

அதே சாலையில் குர்சுரா நீர்மூழ்கிக் கப்பல் கரையேறி நிற்கிறது. சோவியத் நாட்டில் கட்டப்பட்டு 1969-இல் நம் கடற்படையில் சேர்ந்தது. 2001-இல் ஓய்வு கொடுத்து, அடுத்த வருடமே அருங்காட்சியகமாக மாற்றிவிட்டார்கள். பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் உள்ளே வட்டமான சின்ன வாசல்களில் குனிந்து, காலைத் தூக்கிவைத்து நுழைய வேண்டும். அம்மா வெளியே உட்கார்ந்திருக்கட்டும். உள்ளே படம் எடுப்பதற்கான விதியை டிக்கெட் கொடுக்கும் இடத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

அன்று மாலை கைலாசகிரி. பழனியில் இருப்பதுபோல ரோப்கார் உண்டு, சாலையும் உண்டு, அதனால் அம்மாவுக்குக் கஷ்டமில்லை. மேலே பெரிய சிவன் பார்வதி சிலை இருக்கிறது. எல்லோரும் அதற்கு முன்னால் நின்று எடுத்துக்கொள்கிறார்கள், நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் நான் அங்கே ஏறுவது வளைவுக்காக. கடற்கரை முழுவதும் ஒரு வில் மாதிரி வளைந்து கிடப்பது மேலிருந்து பார்த்தால்தான் தெரியும். நாலு மணிக்கு வடக்கே ருஷிகொண்டா கடற்கரைப் பக்கம் பார்த்து நில்லுங்கள். வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்கும், கடல் நீலமாக, அலை வெள்ளையாக, கரை மஞ்சளாகத் தனித்தனியே பிரிந்து தெரியும். தெற்கே ஊர்ப் பக்கம் திரும்பினால் வெளிச்சம் கொஞ்சம் எதிராக வரும். அந்தப் பக்கத்தைச் சூரியன் மறைந்து இருபது நிமிடம் கழித்து எடுங்கள். வானம் கருநீலமாக இருக்கும்போதே ஊரின் விளக்குகள் எரியத் தொடங்கும். அந்தப் பத்து நிமிடம்தான் நல்ல நேரம், முழுசாக இருட்டிவிட்டால் வானம் வெறும் கறுப்பு. கைப்பிடிச் சுவர்மேல் போனை ஊன்றி, மூன்று விநாடி டைமர் வைத்து எடுத்தால் ட்ரைபாட் தேவையில்லை.

மலைமேல் நின்று எடுக்கும்போது நம்மைப் போன்ற சமவெளிக்காரர்கள் எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. பரந்து கிடப்பதை எல்லாம் ஒரே படத்தில் அடக்கப் பார்ப்போம். வயல்வெளியை அப்படித்தான் எடுத்துப் பழகியிருக்கிறோம், பாதி வானம், பாதி பச்சை. மலையை அப்படி எடுத்தால் அது மண்மேடு மாதிரி சுருங்கிவிடும். ஜூம் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு போட்டு ஒரு பகுதியை மட்டும் எடுங்கள். ஒரு குன்றுக்குப் பின்னால் இன்னொரு குன்று, அதற்குப் பின்னால் மங்கலாக இன்னொன்று என்று அடுக்கடுக்காக வரும். கடலோரக் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் தூரத்து மலை எப்போதும் வெளுத்துத்தான் இருக்கும். அதைக் குறையாக நினைக்க வேண்டாம், அந்த வெளுப்புதான் படத்துக்கு ஆழத்தைக் கொடுக்கிறது.

இரண்டாம் நாளைப் பீமிலிச் சாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கடலை ஒட்டியே வடக்கே பீமிலி என்ற ஊருக்குப் போகும் அழகான சாலை. விடியும்போதே புறப்பட்டு, நேராக எர்ர மட்டி திப்பலு போங்கள். தெலுங்கில் சிவப்பு மண் மேடுகள் என்று அர்த்தம். காற்றும் மழையும் கடல் ஏற்றத்தாழ்வும் ஆயிரக்கணக்கான வருடங்களில் உண்டாக்கிய செம்மணல் மேடுகள், நடுவே ஓடைகள் அறுத்த பள்ளங்கள். நம் தமிழ்நாட்டில் திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காடு இதற்கு உறவு. 2014-இல் இதைப் புவியியல் பாரம்பரிய இடமாக அறிவித்தார்கள். சாய்ந்த வெயிலில் மண் தீப்பிடித்த மாதிரி இருக்கும், ஒன்பது மணிக்கு மேல் வெளுத்துவிடும். போன் கேமரா அந்தச் சிவப்பைத் தானாகவே குறைத்துவிடப் பார்க்கும். கேமராவில் வொயிட் பேலன்ஸை, அதாவது வெளிச்சத்துக்கு ஏற்ப நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பை, ஆட்டோவிலிருந்து வெயில் குறிக்கு மாற்றிவிடுங்கள், கண்ணில் பட்ட நிறம் அப்படியே வரும். பிள்ளைகளை விளிம்புகளில் ஏறவிடாதீர்கள். ஒவ்வொரு கால் தடத்துக்கும் மண் சரிகிறது. ஒரு தடவை சரிந்தது மறுபடி எழாது.

அங்கிருந்து பீமிலி, அதாவது பீமுனிபட்டினம், பக்கம்தான். டச்சுக்காரர்கள் வியாபாரம் செய்த துறைமுகம் அது. நம் நாகப்பட்டினத்தையும் 1658 முதல் 1781 வரை வைத்திருந்தது அவர்கள்தான், அதனால் எனக்கு அந்த ஊருக்குள் நுழையும்போதே தெரிந்த வீட்டுக்குப் போவதுபோல இருக்கும். பழைய டச்சுக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. கல்லில் வெட்டிய எழுத்தை நேராக வெயில் விழும்போது எடுத்தால் எதுவும் தெரியாது. வெயில் பக்கவாட்டில் உரசிக்கொண்டு போகும் நேரத்தில் எடுங்கள், எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழுந்து ஒவ்வொன்றும் எழுந்து நிற்கும். கோயில் கல்வெட்டுகளை எடுப்பவர்களுக்கும் இதுதான் வழி.

பீமிலியில்தான் கோஸ்தனி ஆறு கடலில் சேர்கிறது. மலையில் பிறந்து, பொர்ரா குகைக்குள் புகுந்து வெளிவந்து, நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல் ஓடி அப்படியே கடலுக்குள் போய்விடுகிறது. சுமார் 800 கிலோமீட்டர் ஓடி, கல்லணை தாண்டியதும் வெண்ணாறு, வெட்டாறு, அரசலாறு என்று பிரிந்து பிரிந்து, கடைசியில் பூம்புகாரில் வாய்க்கால் அளவுக்குச் சுருங்கிக் கடலைத் தொடும் காவிரியைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஒரே உடம்பாக வந்து சேரும் அந்தச் சின்ன ஆற்றின் முகத்தில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். மூன்றாம் நாள் அதே ஆற்றைக் குகையில் பார்க்கப் போகிறீர்கள்.

மதியம் சாப்பிட்டு ஓய்வெடுத்து, மூன்று மணிக்கு மேல் தொட்லகொண்டா. இது எனக்கு அந்த ஊரிலேயே மிகப் பிடித்த இடம். கடலைப் பார்த்த குன்றின்மேல் பௌத்த மடத்தின் அடித்தளங்கள். தூபி, துறவிகளின் அறைகள், பாறையில் வெட்டிய தண்ணீர்த் தொட்டிகள் எல்லாம் அங்கே உண்டு. அந்தத் தொட்டிகளால்தான் தொட்லகொண்டா என்று பெயர். கடற்படைக்காக 1970-களில் வானிலிருந்து அளவெடுத்தபோது கண்ணில் பட்டு, பிறகு 1988 முதல் 1993 வரை தோண்டி வெளிக்கொண்டுவந்தார்கள். நம் நாகப்பட்டினத்திலும் ராஜராஜன் காலத்தில் கடல் கடந்த ஸ்ரீவிஜய நாட்டு அரசர் கட்டிய சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடம் இருந்தது. ஆனைமங்கலம் ஊரையே அதற்கு எழுதிவைத்தான் ராஜராஜன். இன்று அங்கே பார்க்க எதுவும் இல்லை. மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த புத்தர் செப்புத் திருமேனிகள் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன, அவ்வளவுதான். கப்பல்காரர்களும் துறவிகளும் சேர்ந்து வாழ்ந்த கரை எப்படி இருந்திருக்கும் என்று எனக்குப் புரிந்தது தொட்லகொண்டாவில்தான். உச்சிவரை வண்டி போகும். மாலையில் வெயில் பின்னாலிருந்து வருவதால் செங்கல் சிவந்து, கடல் நீலமாகத் தெரியும். செங்கல் சுவரின் மூலை படத்தின் கீழே வரட்டும், கடல் மேலே. காலையில் போனால் கடல் முழுக்கக் கண் கூசும் வெள்ளி.

மூன்றாம் நாள் அரக்குப் பள்ளத்தாக்கு. ஊரிலிருந்து சுமார் 115 கிலோமீட்டர், அதிகாலை ரயிலில் போவதுதான் அழகு. அந்தப் பாதையில் 58 குகைப்பாதைகள் என்று சொல்வார்கள். கண்ணாடிக் கூரை போட்ட விஸ்டாடோம் பெட்டிக்கு முன்பதிவு சீக்கிரம் முடிந்துவிடும், இப்போதே பாருங்கள். கண்ணாடி வழியாக எடுக்கும்போது லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடியுங்கள், உள்ளே இருப்பவர்களின் பிம்பம் விழாது. வழியில் இருக்கும் பொர்ரா குகைக்குள் ஃபிளாஷ் போடாதீர்கள், முன்னால் இருக்கும் கல் மட்டும் வெளுத்துப்போகும். கம்பிமேல் கையை ஊன்றி மூச்சைப் பிடித்து எடுங்கள். குகைக்குள் படிகள் நிறைய, ஈரமும் உண்டு. அம்மாவுக்கு வாசல் வரை போதும், அந்த வாசலே கோபுரம் மாதிரி உயரம். மஞ்சள் பூ வயல்கள் படத்தில் பார்த்திருப்பீர்கள், அது பேயெள்ளுப் பூ. பிப்ரவரியில் முடிந்திருக்கும், ஏமாற வேண்டாம். அங்கே வாழும் பழங்குடி மக்களைச் சந்தையில் பார்ப்பீர்கள். கேட்காமல் முகத்துக்கு நேராக போனை நீட்டாதீர்கள். நம் வீட்டுப் பெண்கள் நடவு நடும்போது யாரோ காரை நிறுத்தி இறங்கிப் படம் எடுத்தால் நமக்கு எப்படி இருக்கிறது? விசாகப்பட்டினம் மீன்பிடித் துறைமுகத்துக்கும் இதேதான். அதிகாலை மீன் ஏலம் அருமையான காட்சி, ஆனால் அது அவர்கள் பிழைப்பு நடக்கும் இடம். வழியை மறிக்காமல், ஒரு வார்த்தை பேசிவிட்டு எடுங்கள்.

நான்காம் நாள் சிம்மாசலம். வராக நரசிம்மர் கோயில், ஊரை ஒட்டிய மலைமேல் இருக்கிறது. வண்டி மேலே வரை போகும். மூலவர் வருடம் முழுவதும் சந்தனக் காப்புக்குள் இருப்பார், அட்சய திருதியை அன்று மட்டும் சந்தனம் இல்லாத நிஜரூப தரிசனம். உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை, முயற்சியே வேண்டாம். நமக்கு அங்கே வேறு உறவும் இருக்கிறது. முதலாம் குலோத்துங்கன் காலத்துக் கல்வெட்டு, 1098-ஆம் ஆண்டைச் சேர்ந்தது, அந்தக் கோயிலில் உண்டு. ராஜேந்திர சோழனின் மகள் வயிற்றுப் பேரன் அவன். ஆந்திரப் பக்கத்து வேங்கி அரச குடும்பத்தில் பிறந்து கங்கைகொண்ட சோழபுரத்தில் முடிசூடியவன். விசாகப்பட்டினத்துக்கே குலோத்துங்க சோழப்பட்டினம் என்று ஒரு காலத்தில் பெயர் இருந்தது. கோயில் மேற்கு பார்த்தது என்பதால் முகப்பில் வெயில் விழுவது மதியத்துக்கு மேல்தான். வெளியிலிருந்து எடுக்க அந்த நேரம் போங்கள். இல்லையென்றால் காலையில் தரிசனத்தை முடித்துக்கொண்டு மதியம் டால்பின் நோஸைத் தாண்டி யாராடா கடற்கரைக்குப் போகலாம். மூன்று பக்கம் மலை, ஒரு பக்கம் கடல். மணலில் இறங்கி எடுப்பதைவிட, மலைச்சாலை வளைவிலிருந்து கீழே தென்னந்தோப்பையும் கடலையும் சேர்த்து எடுப்பது நன்றாக வரும். மூன்று மணிக்குள் எடுத்துவிடுங்கள்.

ஒரு முக்கியமான விஷயம். இந்தியக் கடற்படையின் கிழக்குத் தலைமையகம் இருக்கும் ஊர் அது. கப்பல் கட்டும் தளம், போர்க்கப்பல்கள், துறைமுக வாய், விமான நிலையம், இவற்றின் பக்கம் கேமராவைத் திருப்பவே வேண்டாம். டிரோன் கொண்டுபோகவே கூடாது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் தேவாலயம், தர்கா, வெங்கடேஸ்வரர் கோயில் என்று மூன்று சின்னக் குன்றுகளில் மூன்றும் அடுத்தடுத்து இருக்கின்றன. நாகூர், நாகை, வேளாங்கண்ணி நமக்குப் பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள் இருப்பதை அங்கே கூப்பிடு தூரத்தில் பார்க்கலாம். போய்க் கும்பிட்டு வாருங்கள். படம் எடுக்கும் முன் அங்கே இருப்பவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் கடல். அந்தக் கரையில் பல இடங்களில் நாலடி எடுத்து வைத்ததும் ஆழம் வந்துவிடும், உள்ளிழுப்பும் அதிகம். 2004 சுனாமியில் நம் கரை பட்டதை மறக்க முடியாத ஊர்க்காரர்கள் நாம். கடலுக்கு முதுகு காட்டி நின்று செல்ஃபி எடுக்கப் பிள்ளைகளை விடாதீர்கள்.

கருவிக்கு வருகிறேன். புதுசாக எதுவும் வாங்க வேண்டாம். போனில் திரையைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் காட்டும் கிரிட் கோட்டைப் போட்டுவிடுங்கள், கடல்கோடு சாய்ந்தால் எவ்வளவு நல்ல படமும் கெட்டுப்போகும். திரையில் வானத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டு எடுங்கள், வெளுத்துப்போன மேகத்தைப் பிறகு மீட்க முடியாது. பழைய கேமராவுக்கு ஒரு போலரைசர் ஃபில்டர் கிடைத்தால் கடலின் மினுமினுப்பு குறையும், அவசியம் என்று சொல்லமாட்டேன். கடற்கரையில் லென்ஸ் மாற்றாதீர்கள். உப்புப் படலம் அரை மணியில் கண்ணாடியில் ஏறிவிடும், பழைய பருத்தி வேட்டித் துண்டு இரண்டு பையில் இருக்கட்டும். ஏசி அறையிலிருந்து வந்தால் லென்ஸ் வியர்க்கும், கால் மணி நேரம் பைக்குள்ளேயே வைத்து வெளியே எடுங்கள்.

போவதற்கு முன் இரண்டு நாள் ஒதுக்கிப் பழகிக்கொள்ளுங்கள். ஒரு மாலை சுவாமிமலை. மலையே இல்லாத நாட்டில் நம் ஆட்கள் அறுபது படி வைத்துக் கட்டிய மலை அது. மேலிருந்து கீழே பார்த்து எடுக்கும்போது எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று அங்கே கை பழகும். இன்னொரு நாள் காலை ஆறு மணிக்குத் தரங்கம்பாடி. சூரியனை எடுத்த பிறகு உடனே திரும்பி, டேன்ஸ்போர்க் கோட்டைச் சுவரில் வெயில் ஏறுவதை ஐந்து நிமிடத்துக்கு ஒரு படமாக ஏழு மணி வரை எடுங்கள். வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். எந்தப் படத்தில் சுவர் நன்றாக இருக்கிறதோ, அந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆர்.கே. பீச்சில் டால்பின் நோஸ் பக்கம் திரும்ப வேண்டிய நேரமும் ஏறக்குறைய அதுதான்.